சன்னல் பக்கம் பார்த்துக் கூப்பிட்ட பெயர்

ரத்தினத்தின் சாவுக்கு அன்றைக்கு வந்திருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தினம் எதையும் அப்படித்தான் தொடங்குவார். அவருடைய தங்கை கிருஷ்ணவேணி. பிரகாஷைப் பறிகொடுத்த சாந்தி. ஆட்டோ ஓட்டும் லோகநாதனும் அவன் மனைவியும். நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஷாஹீன். ஆஸ்பத்திரியில் நம் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசும் மேகனா மேடம். என் பேத்தி நித்யா. அஞ்சலை என்கிற நான். எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, இடது காது கிழிந்த ஒரு ஆள். அவன் யார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் அவனைப் பார்த்தபோது நினைத்தேன்.

வராதவர்களையும் எனக்குத் தெரியும். ரத்தினத்தின் மச்சான் வரவில்லை. பக்கத்திலேயே மாகடி ரோட்டில்தான் இருக்கிறான். கால் வலியாம். அதே காலோடு போன மாதம் அத்தனை தூரம் தர்மஸ்தலா கோயிலுக்குப் போய் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அறைக்கு வந்துபோன உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் நித்யா திருத்தியிருப்பாள். நடந்ததில் பிழை இருக்காது.

செய்தி வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. குழாயில் தண்ணீர் வந்திருந்த நேரம், நான் குடத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணவேணியின் போன். "அக்கா, அண்ணா கூப்பிட்டா பேச மாட்டேங்கிறார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போய்ப் பார்த்தேன். நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. பக்கத்தில் வைத்த டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. யாரோ வரப்போகிறார்கள் என்று தயாராகி உட்கார்ந்த முகம். அவர் கண்ணை மூட மனம் வராமல் கிருஷ்ணவேணி என்னைப் பார்த்தாள். நான்தான் மூடினேன். இரண்டு தரம் மூட வேண்டியிருந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு அங்கன்வாடி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அது பூட்டியிருக்கும். சாவியைக் கேட்டு வாங்கி, மத்தியானம் மூன்று மணிக்கு ரத்தினம் திறப்பார். மாத்திரையிலும், முகரும் சொலுஷன் பசையிலும், கஞ்சாவிலும் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் வீட்டார் வந்து உட்காருவோம். புத்தி பேதலித்த பிள்ளைகளின் வீட்டாரும் வருவார்கள். இரண்டையும் அவர் பிரித்துப் பார்த்ததில்லை. உட்காருவதற்கு இருந்ததெல்லாம் மூன்று வயதுக் குழந்தைகளின் சின்ன நாற்காலிகள். முழங்கால் நெஞ்சில் இடிக்க, பெரிய பெரிய மனிதர்கள் அதில் குந்தியிருப்போம். சுவரில் யானையும் முயலும் சிரித்துக்கொண்டிருக்கும். மேலே மெட்ரோ போகும்போது சன்னல் கம்பி மெல்ல நடுங்கும்.

அங்கே செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். ரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அந்தப் பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். இருக்கான். இல்லையென்றால், இருக்கா. அதற்குமேல் சொல்லக் கூடாது. எல்லாப் பெயரும் முடிந்த பிறகுதான் அழுவது, பேசுவது, டீ குடிப்பது, மேகனா மேடத்திடம் மருந்தைப் பற்றிக் கேட்பது எல்லாம்.

நோட்டு கிடையாது. நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்களையும் மனதில்தான் வைத்திருந்தார். ஒரு முறை லோகநாதன் நல்ல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தான். ரத்தினம் அதை வாங்கி, "உன் பொண்ணுக்குக் கணக்குப் போடக் குடு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு சொன்னார்: "நோட்டுன்னு ஒண்ணு இருந்தா நாளைக்குப் போலீஸ் கேக்கும். பொண்ணு பார்க்க வர்றவன் கேப்பான். மனசுல இருக்கறத யாரு கேப்பான்?"

நான் முதல் நாள் போனது பிடிக்காமல்தான். நித்யாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனவள், முதுகுவலி என்று யாரோ கொடுத்த மாத்திரையில் தொடங்கி, அது இல்லாமல் எழுந்திருக்க முடியாத நிலைக்கு வந்திருந்தாள். பெற்றவர்கள் இல்லாத பிள்ளை, நான்தான் வளர்த்தேன். அவளுடைய பெயரை ரத்தினம் கூப்பிட்டதும் நான் எழுந்து நின்றேன். மாத்திரை கொடுத்தவன், கொடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர், தெரிந்தும் வாயைத் திறக்காத பக்கத்து வீட்டுக்காரி என்று எல்லோரையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் தடுக்கவில்லை. நான் மூச்சு வாங்க நின்றபோது கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"அக்கா, நல்லா இருக்காளான்னு நான் கேக்கல. இருக்காளா?"

"இருக்கா" என்றேன். அவள் இருக்கிறாள் என்பதை அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

எல்லாப் பெயர்களும் முடிந்த பிறகு கடைசியாக ஒரு பெயரைக் கூப்பிட்டார். செல்வம். அறையில் யாரும் பதில் சொல்லவில்லை. அவரே "இருக்கான்" என்றார். பிறகு கண்ணைத் திறந்தார். பக்கத்தில் இருந்த சாந்தி என் காதில், "அவர் பையன். வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷமாச்சு. எங்க இருக்கான்னு தெரியாது" என்றாள்.

அந்தக் கதையை அவரே ஒரு நாள் சொன்னார். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முன்பு ஊருக்கு வெளியே, குடிப்பவர்களையும் போதைப் பிள்ளைகளையும் அடைத்து வைக்கும் ஒரு தனியார் இல்லத்தில் அட்டெண்டராக இருந்திருக்கிறார். ஆளைப் பிடித்து வருவது அவருடைய வேலை. வேன் போகும், இரண்டு பேர் கையைப் பிடிப்பார்கள், ரத்தினம் காலைப் பிடிப்பார். சொந்தப் பையன் சொலுஷன் முகரத் தொடங்கியபோது அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். வீட்டு மாடி அறையில் வைத்துப் பூட்டினார். பதினேழு நாள். பதினெட்டாம் நாள் காலையில் அவன் கூரைத் தகரத்தைப் பிரித்துக்கொண்டு இறங்கிவிட்டான். தகரத்தில் மாட்டிக் காது கிழிந்திருக்க வேண்டும். கூரையில் ரத்தம் இருந்தது, அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடியதைத் தெருவில் பார்த்திருக்கிறார்கள் என்றார். அதை அவர் சொன்னபோது எந்தக் காது என்று நான் கேட்கவில்லை. எதையும் கேட்டு வைத்துக்கொள்கிற நான் அதைக் கேட்கவில்லை.

"உயிரோட இருக்கானான்னே தெரியாம எப்படி இருக்கான்னு சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டேன். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"இல்லன்னு சொல்ல எனக்கு யாரு அதிகாரம் குடுத்தா, அக்கா?" என்றார். கடைசி நாற்காலியை அடுக்கிவிட்டு, "அன்னிக்குப் பிடிச்சேன். இனிமே கூப்பிடறது மட்டும்தான்" என்றார்.

இனி நித்யாவின் நாளைச் சொல்கிறேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அன்று ஞாயிறு காலையில் அவள் எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். காலைப் பிடித்துவிட்டாள். "ஆயா, உன்னை ரொம்பப் படுத்திட்டேன் இல்ல?" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது. எனக்கு மனம் குளிர்ந்துபோய், மத்தியானம் கொஞ்சம் சீக்கிரமே அங்கன்வாடிக்குப் போய்விட்டேன். நித்யா என்று ரத்தினம் கூப்பிட்டார். "இருக்கா" என்றேன்.

அவர் அடுத்த பெயருக்குப் போகவில்லை. "திரும்பச் சொல்லுங்க" என்றார்.

"இருக்கா."

"இன்னொரு தரம்."

எனக்கு எரிச்சல் வந்தது. மூன்றாம் முறையும் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்துவிட்டார். பெயர் கூப்பிடும்போது பாதியில் அவர் கண் திறந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. "லோகு, ஆட்டோவை எடு. அக்கா வீட்டுக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஏன் என்று கேட்காமலே நான் எழுந்துவிட்டேன்.

அவள் குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். உதட்டின் நிறம் மாறியிருந்தது. லோகநாதன்தான் தூக்கினான். ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள். அந்த வார்டில் மூன்று நாள் இருந்தோம். மேகனா மேடத்தின் பழக்கம் எங்களுக்கு அங்கே ஏற்பட்டதுதான்; பிறகுதான் அவர் அறைக்கும் வரத் தொடங்கினார். அதற்குப் பிறகு நித்யா ஒரு மாதம்கூடத் தவறாமல் அவரிடம் போய்வருகிறாள். மாத்திரையை விட்டு மூன்று வருடம் ஆகப்போகிறது. நடுவில் இரண்டு முறை வழுக்கினாள். அதையும் எழுது என்று அவளே சொன்னாள்.

எப்படித் தெரிந்தது என்று பிறகு ரத்தினத்திடம் கேட்டேன். சாமியாட்டம் மாதிரி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க எப்பவும் அந்த வார்த்தையைக் கோவமாத்தான் சொல்வீங்க, அக்கா. அன்னிக்குக் கோவமே இல்ல. வீட்டுல என்னவோ மாறிடுச்சுன்னு தோணுச்சு. படுத்தின பிள்ளை திடீர்னு ஒரு நாள் சாந்தமாயிட்டா, எனக்குப் பயம்."

மேகனா மேடமும் இதையேதான் சொன்னார். அப்படிப்பட்ட நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், நேராகவே கேளுங்கள், கேட்பதால் எதுவும் கெட்டுவிடாது என்றார். உங்களில் புதிதாக வந்தவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரகாஷ் இறந்தது அடுத்த ஆண்டு. சாந்தியின் ஒரே மகன். காரியம் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாந்தி வந்து தன் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தாள். ரத்தினம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பிரகாஷின் முறை வருவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தாண்டிவிடுவார் என்று நினைத்தோம். அவர் தாண்டவில்லை. எப்போதும் போல, "பிரகாஷ்" என்றார்.

மேலே மெட்ரோ போனது. சன்னல் கம்பி நடுங்கி நின்றது. சாந்தி முயல் படத்தைப் பார்த்துக்கொண்டே, "இருக்கான்" என்றாள்.

ரத்தினம் தலையை அசைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

எனக்குத் தாங்கவில்லை. செத்த பிள்ளையைக் கூப்பிடுவது என்ன பழக்கம் என்று வாசலில் நிறுத்திச் சண்டை போட்டேன். "சேர்க்கறதுக்கு நான் ஆள். எடுக்கறதுக்கு நான் ஆள் இல்ல. சாந்தி நிறுத்தச் சொன்னா நிறுத்தறேன்" என்றார். சாந்தி இன்றுவரை சொல்லவில்லை. எனக்கு அதில் அவர்மேல் ஒரு வருத்தம் உண்டு. ஆனால் மன்னிக்க முடியாதது அது இல்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வாசலோரம் உட்காருவேன். டீ கெட்டில் என் பொறுப்பு. பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவன் வந்து நிலைப்படியில் நின்றான். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒட்டிய கன்னம், கையெல்லாம் பழைய தழும்பு. "இங்கதான பேர் கூப்பிடுவாங்க?" என்றான்.

எனக்கு அவனைத் தெரியும் என்று தோன்றியது. கார்மெண்ட்ஸ் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று நித்யாவுக்கு மாத்திரை விற்றவன். நான் அவனை ஒரே ஒரு முறை, தூரத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு முறை பார்த்த முகத்தை மறக்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவள் நான். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இங்கயே வந்துட்டியா? உள்ள இருக்கறதுல பாதிப் பேரு உன்னாலதான்டா உக்காந்திருக்காங்க."

அவன் உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்தான். நான் விளக்குமாற்றை ஓங்கினேன். அவன் கையை நெற்றிக்கு முன்னால் வைத்துக்கொண்டு, பின்னாலேயே நடந்து, திரும்பிப் போய்விட்டான். உள்ளே ரத்தினம் கண்ணை மூடியிருந்தார்; மெட்ரோ போன சத்தத்தில் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. நான் கதவைச் சாத்தினேன்.

எல்லோரும் போன பிறகு ரத்தினத்திடம் பெருமையாகச் சொன்னேன். எப்படி இருந்தான் என்று கேட்டார். என்னிடம் கேட்டால் விடுவேனா? உயரம், நிறம், வலது காலைக் கொஞ்சம் உள்பக்கமாக வைத்து நடந்தது, இடது புருவத்தில் மச்சம், காது மடல் பிளந்து இரண்டாகத் தொங்கியது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தப் பக்கக் காது?"

"இடது பக்கம்."

அவர் கையில் டீ இருந்தது. அதைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து முழுவதையும் குடித்தார். "சரி, அக்கா" என்றார். வாசல்வரை போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். "இனிமே வாசலுக்கு யாரு வந்தாலும் முதல்ல டீ. அப்புறம்தான் கேள்வி. விக்கறவனா இருந்தாலும் சரி" என்றார்.

"விக்கறவனுக்கு டீயா? பேக்கா, வேணுமா உங்களுக்கு இது?" என்றேன்.

"பேக்கு" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 

அடுத்த வாரம் இன்னொரு புதுப் பழக்கம். அறையின் பின்பக்கச் சன்னலை அவர் திறந்து வைத்தார். அதுவரை அதைச் சாத்தியே வைத்திருப்போம். வீட்டுச் சங்கதி வெளியே போகக் கூடாதே. அதன் பின்னால் ஒரு ஆள் போகும் அளவுக்குச் சந்து. சுவரில் ஒரு தகரம் சாய்த்து வைத்திருக்கும். ஏன் திறக்கிறீர்கள் என்றால், காற்று என்றார். செல்வம் என்ற பெயரை அன்றிலிருந்து சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூப்பிட்டார். குரலும் முன்னைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. எல்லா வாரமும் இல்லை. சில வாரம், பெயர்கள் பாதி தாண்டியதும், சன்னலுக்குப் பின்னால் தகரம் ஒரு முறை டொக் என்று உள்வாங்கும். யாரோ அதில் முதுகைச் சாய்த்தது போல. பிறகு அமைதி. கடைசிப் பெயரும் முடிந்த பிறகு, தகரம் மறுபடி டொக் என்று வெளியே வரும். அப்படிச் சத்தம் கேட்ட நாட்களில் ரத்தினம் செல்வத்தை இரண்டு முறை கூப்பிடுவார். வயதாகிவிட்டது, கூப்பிட்டது மறந்துபோகிறது என்று பேசிக்கொண்டோம்.

ஷாஹீன்தான் முதலில் சொன்னாள். "அஞ்சலம்மா, அந்த மூலை நக்கோ, நான் உக்கார மாட்டேன். யாரோ மூச்சு விடறாங்க." போய்ப் பார்த்தேன். சந்தில் யாரும் இல்லை. பீடித் துண்டு ஒன்று கிடந்தது, புகைந்துகொண்டிருந்தது. பட்டப்பகல், வெயில் கொளுத்துகிறது. துண்டைக் காலால் அணைத்துவிட்டு உள்ளே வந்தேன். பிரகாஷ் பீடிதான் குடிப்பான். நான் அதைச் சாந்தியிடம் சொல்லவில்லை. ஆனால் சாந்திக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவள் தன் நாற்காலியைச் சன்னலோரமாகப் போட்டுக்கொண்டாள். தகரம் உள்வாங்கும் சத்தம் கேட்டால் கையைச் சன்னல் கட்டையில் வைத்துக்கொள்வாள். பெயர் கூப்பிடும் நேரத்தில் அந்த அறையில் எண்ணிக்கைக்கு மேல் ஒருவர் இருப்பது எங்களுக்குப் பழகிப்போனது.

ஒரு முறை மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. சத்தம் கேட்டதும் சுற்றி ஓடிப் பார்த்துவிடுவது என்று எழுந்தேன். ரத்தினம் கண்ணை மூடியபடியே, "அக்கா, உக்காருங்க" என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன். "யாரா இருந்தாலும் கேட்டுட்டுப் போகட்டும். கூப்பிடுவோம், பிடிக்க வேணாம்" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

இப்படியே இரண்டு ஆண்டு போனது.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, மூன்று சரணமும் சொல்லி முடித்தார்கள். நான்கு மணிக்கு எடுப்பது என்று பேச்சு. கொள்ளி வைக்க யார் என்று ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கம்பத்தடியில் நின்றவனைப் பார்த்தேன். கிழிந்த காது. எனக்குத் தலைக்கு ஏறியது. சாவு வீட்டுக்கும் வந்துவிட்டானே என்று நேராக அவனிடம் போனேன்.

அவன் என்னைப் பார்த்ததும் அதே போலக் கையை நெற்றிக்கு முன்னால் கொண்டுபோனான். "அம்மா, இன்னிக்கு மட்டும் அடிக்காதீங்க" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் என்னை இடித்துக்கொண்டு கிருஷ்ணவேணி ஓடி வந்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அந்தக் காதைத் தடவினாள்.

"அப்பா கூப்பிட்டது கேட்டுச்சாடா, செல்வம்?"

"கேட்டுச்சு, அத்தை. எல்லா வாரமும் வர முடியல. வந்த அன்னிக்கெல்லாம் கேட்டுச்சு."

மாத்திரை விற்றவன் என்று நான் விரட்டியது ரத்தினத்தின் மகனை.

பிறகு அவனே சொன்னான். ஆனேக்கல்லில் கல் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை. சொலுஷனை விட்டு நான்கு ஆண்டு ஆகிறது. கூட வேலை செய்பவனின் அம்மா நம் அறைக்கு வருபவர். இப்படி ஒருவர் தன் மகன் பெயரைத் தானே கூப்பிட்டுத் தானே பதில் சொல்கிறார் என்று அவர் வீட்டில் பேசியிருக்கிறார். நம்பாமல், காதால் கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறான். நான் விரட்டிய பிறகு சந்தில் சுற்றி வந்து, மூடிய சன்னலில் காதை வைத்துக் கேட்டானாம். செல்வம், இருக்கான். கேட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். அடுத்த முறை வந்தபோது சன்னல் திறந்திருந்தது. சாவுச் செய்தியும் அந்த அம்மா வழியாகத்தான் தெரிந்ததாம்.

"ஏன்டா உள்ள வரல? நான் அடிப்பேன்னா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. உள்ள வந்தா பேசணும். பேசினா அந்த மாடி ரூமு வரும். ரெண்டு பேருக்கும் ஆகாது. பேரு போதும்னு இருந்துட்டேன்." பிறகு, "இன்னும் கொஞ்ச நாள்ல வந்திருப்பேன்" என்றான். "போன வாரம் வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க டீ ஊத்திட்டிருந்தீங்க."

"உங்க அப்பாவுக்குத் தெரியுமா, நீ பின்னால நிக்கறது?"

"தெரியும். நான் தகரத்துல சாஞ்சா ரெண்டு தரம் கூப்பிடுவார்."

எனக்கு அந்த வாரங்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. எந்த வாரம் இரண்டு முறை, எந்த வாரம் ஒரு முறை என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

கிருஷ்ணவேணிதான் மிச்சத்தைச் சொன்னாள். நான் காதின் அடையாளம் சொன்ன அன்று ரத்தினம் வீட்டுக்குப் போய், "வேணி, அவன் இருக்கான். அஞ்சலக்கா கண்ணால பார்த்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாராம். அக்காவிடம் சொல்லிவிடலாமே என்று அவள் கேட்டிருக்கிறாள். "வேணாம். சொன்னா அவங்க அவனைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடுவாங்க. இழுத்தா போயிடுவான். அதோட, விரட்டினது யாருன்னு தெரிஞ்சா அந்த மனுஷி தாங்க மாட்டாங்க" என்றாராம்.

அந்த மனுஷி தாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

கொள்ளி செல்வம் வைத்தான்.

இரண்டு நாள் கழித்து ஞாயிறு. சாவியை நான் வாங்கினேன். வேறு யாருக்கும் பெயர்களின் வரிசை தெரியாது, எனக்குத் தெரியும். செல்வம் வந்தான். நான் முதலில் டீ கொடுத்தேன். நீளக் காலை மடக்கிக்கொண்டு சின்ன நாற்காலியில் உட்கார்ந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன். நித்யா என்றபோது, என் பக்கத்தில் இருந்த அவளே "இருக்கேன்" என்றாள். பிரகாஷ் என்றபோது சாந்தி நிதானமாக, "இருக்கான்" என்றாள். தகரத்தில் சாய்ந்தது யார் என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நாற்காலியைச் சன்னலோரமாகவே போட்டிருந்தாள். செல்வம் என்று கூப்பிட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இருக்கேன்" என்றான்.

சேர்ப்பதற்கு நான் ஆள் என்று அவர் சொல்வார். எனவே ஒரு பெயரைச் சேர்த்தேன். சன்னல் பக்கம் திரும்பி, "ரத்தினம்" என்றேன்.

செல்வம் உள்ளேதான் இருந்தான். எங்களில் ஒருவரும் வெளியே இல்லை. பின்னால் தகரம் டொக் என்று உள்வாங்கியது.

லோகநாதன், பூனை என்றான். யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. நான் இரண்டாம் முறை கூப்பிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு வந்தவை இவை: நாற்பத்திரண்டு பெயர்களும் அவற்றின் வரிசையும், அந்தக் கெட்டில், திறந்து வைத்த ஒரு சன்னல். அந்தத் தகரத்தை எடுத்துவிடலாம் என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னார். வேண்டாம் என்றேன்.

மாத்திரை விற்றவனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அது தனிக் கணக்கு. மச்சானைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன், கால் உண்மையிலேயே வலித்திருந்தால். ஆனால் ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். நான் விரட்டியது யாரை என்று தெரிந்துகொண்டு இரண்டு ஆண்டு என் கையால் டீ வாங்கிக் குடித்தவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இழுத்திருக்க மாட்டேன், பக்கத்தில் போய் நின்றிருப்பேன், அப்பனும் மகனும் ஒரு டம்ளர் டீயாவது சேர்ந்து குடித்திருப்பார்கள். என்னைத் திட்டக்கூட இல்லாமல், அதே வாசலில், அதே கெட்டிலோடு என்னை உட்கார வைத்தவர். சன்னல் திறந்துதான் இருக்கிறது, கேட்கட்டும். அவர் பெயர் ரத்தினம்.